எடைக்கருவி காட்டாத பலன்: பருமனான பிள்ளைகளுக்கு விளையாட்டும் உடற்பயிற்சியும்

உடல் பருமனான குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் முதலில் மாறுவது ரத்தச் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும் விதம். அடுத்தடுத்து ரத்த அழுத்தம், கல்லீரலில் படிந்த கொழுப்பு, மூச்சின் தெம்பு, இரவுத் தூக்கம் ஆகியவை சீராகின்றன. எடை மட்டும் பல வாரங்கள் அப்படியே நிற்கலாம். இது தெரியாத பெற்றோர், "இவ்வளவு ஓடியும் ஒரு கிலோ குறையலையே" என்று முதல் மாதத்திலேயே சலித்துப்போகிறார்கள். உடம்புக்குள் பலன் தொடங்கியிருக்கும் நேரத்தில் பயிற்சி நின்றுவிடுகிறது. குழந்தைப் பருமனுக்கு உடற்பயிற்சி என்ன செய்யும், என்ன செய்யாது, எந்த அளவில் செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த ஏமாற்றம் நேராது.

எது பருமன்?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண். பெரியவர்களுக்கு எந்த வயதிலும் ஒரே எல்லைக்கோடுதான். வளரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது; வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையில் அந்த எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் பருமன்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரையிலான நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென 2015-இல் தனி அட்டவணை வெளியிட்டது. பெரியவர்களின் பி.எம்.ஐ. 23-க்கு இணையான கோடு அதில் அதிக எடையையும், 27-க்கு இணையான கோடு பருமனையும் காட்டும். உலக அளவில் வழக்கமாகக் கொள்ளப்படும் 25, 30 ஆகியவற்றைவிட இவை தாழ்வானவை. இந்தியர்களின் உடம்பில் அதே எடைக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதே இதற்குக் காரணம். புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் உடலளவுகளையே வெளியிட்டு இதை விளக்கினார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரிகிறவரின் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். ஆகவே நம் பிள்ளைகளுக்குக் கொழுப்பைக் கரைப்பதோடு தசையை வளர்ப்பதும் முக்கியமாகிறது.

நகரத்தில் தொடங்கியது

சென்னையில் 13 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 4,700 மாணவர்களிடம் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. பையன்களில் 17.8 சதவீதத்தினரும் பெண் பிள்ளைகளில் 15.8 சதவீதத்தினரும் அதிக எடையோடு இருந்தனர். சில ஆண்டுகள் கழித்து மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ‘ஆரஞ்ச்’ என்ற பெயரில் 6 முதல் 17 வயது வரையிலான 18,955 சென்னைப் பிள்ளைகளைப் பரிசோதித்தது. 2014-இல் வெளியான அதன் முடிவு வேறொரு உண்மையையும் காட்டியது. சர்வதேச அளவுகோலின்படி தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதப் பிள்ளைகள் அதிக எடையோ பருமனோ கொண்டிருந்தனர். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம் மட்டுமே. ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே அரிசிச் சாதம். பிள்ளை பள்ளிக்கு நடந்து போகிறதா வேனில் போகிறதா, கையில் எவ்வளவு காசு இருக்கிறது, மாலையில் தெருவா டியூஷனா என்பதில்தான் இந்த இரண்டு கூட்டமும் பிரிகின்றன.

இந்த வேறுபாடு இப்போது மாவட்டங்களுக்குள்ளும் வந்துவிட்டது. 2018-இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும். ரத்தசோகையும் எடைக்குறைவும் இன்னும் தீராத ராமநாதபுரம் மாவட்டத்தில், வளைகுடாச் சம்பளமும் இருசக்கர வாகனமும் பள்ளி வேனும் கைப்பேசியும் சேர்ந்து எதிர்த்திசையிலும் ஒரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. ராமநாதபுரம் நகருக்குத் தென்மேற்கே உள்ள உத்தரகோசமங்கை போன்ற கோயில் ஊரில் தாத்தா ஏர் பிடித்தவர், மிளகாய்க் காட்டில் குனிந்து நிமிர்ந்தவர். பேரப்பிள்ளை காலையில் வீட்டு வாசலில் வேன் ஏறி, மாலையில் அதே வாசலில் இறங்குகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் அதிக எடை கொண்டோர் 2015-16-இல் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். அதே ஆய்வின் பிந்தைய சுற்றில் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ பருமனோ கொண்டிருந்தனர். வீட்டின் சாப்பாடும் நடமாட்டமும் பிள்ளைக்கும் பொதுவானவை என்பதால் பெற்றோரின் எடையையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கொழுகொழு குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்ற எண்ணமும், "வளர வளரச் சரியாயிரும்" என்ற ஆறுதலும் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றன. பருமனான பிள்ளைகளில் பெரும்பாலோர் பருமனான இளைஞர்களாகவே வளர்கிறார்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்துப்போவதை அழுக்கு என்று தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம்.

தசை செய்யும் வேலை

சாப்பிட்ட உணவிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகள். அதற்கு உத்தரவு தருவது இன்சுலின். தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு சேரும்போது அந்த உத்தரவு மங்கிப்போகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. இந்த நிலை நீடித்தால் கணையம் களைத்து, ஒரு காலத்தில் பெரியவர்களுக்கு மட்டும் வந்த இரண்டாம் வகை நீரிழிவு பள்ளி வயதிலேயே வருகிறது.

தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உத்தரவு இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுக்கும் வழி திறந்துகொள்கிறது. ஒருமுறை நன்றாக விளையாடிய பிறகு அடுத்த ஒரு நாள் வரை தசைகள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். நாள்தோறும் விளையாடினால் அந்த நிலை தொடரும். தசை அணுக்களில் எரிபொருளைச் சக்தியாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைவிட எளிதாகக் கரைகிறது. இவற்றில் எதையும் எடைக்கருவி தனியாகக் காட்டாது. கொழுப்பு குறைந்து தசை கூடும்போது மொத்த எடை மாறாமலே இருக்கவும் கூடும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 7 முதல் 11 வயது வரையுள்ள, அதிக எடை கொண்ட, விளையாட்டுப் பழக்கமில்லாத 222 குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு பள்ளி முடிந்ததும் 20 நிமிடம், இன்னொரு குழு 40 நிமிடம், வாரம் ஐந்து நாள், சுமார் 13 வாரம் விளையாடியது. மூன்றாவது குழு வழக்கம்போல் இருந்தது. ஓடிப்பிடித்தல், கயிறு தாண்டுதல், எளிதாக்கப்பட்ட கூடைப்பந்து, கால்பந்து ஆகியவைதான் பயிற்சி. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 150-க்கு மேல் போக வேண்டும் என்பது மட்டுமே விதி. 2012-இல் வெளியான முடிவின்படி இரண்டு குழுக்களிலும் உடல்திறன் கூடியது; இன்சுலின் எதிர்ப்பும் வயிற்றுக்குள் இருந்த கொழுப்பும் குறைந்தன. 40 நிமிடம் விளையாடியவர்களுக்குப் பலன் கூடுதல். 20 நிமிடமும் வீண்போகவில்லை.

அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் பருமனான 12 முதல் 18 வயதுப் பையன்கள் 45 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாமலே மூன்று மாதப் பயிற்சியில் கல்லீரல் கொழுப்பும் வயிற்றுக்குள் உள்ள கொழுப்பும் குறைந்தன. ஓட்டம் போன்ற பயிற்சியிலும் தசைப்பயிற்சியிலும் இது நடந்தது. தசைப்பயிற்சி செய்தவர்களுக்கு இன்சுலினின் திறனும் தெளிவாகக் கூடியது. கனடாவின் ஒட்டாவாவில் 14 முதல் 18 வயது வரையுள்ள 304 பேர் 22 வாரம் கலந்துகொண்ட ஆய்வு 2014-இல் வெளியானது. தவறாமல் வந்தவர்களில், ஓட்டத்தையும் தசைப்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு உடல் கொழுப்பு அதிகம் குறைந்தது.

எடையைப் பொறுத்தவரை பயிற்சி மட்டும் தரும் மாற்றம் சிறியது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 40 கிலோ எடையுள்ள பிள்ளை அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 80 முதல் 100 கலோரி. 250 மில்லி கோலா பானம் ஒன்றே அந்தக் கணக்கை நேர்செய்துவிடும். ஆகவே சாப்பாட்டுத் திருத்தமும் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்?

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நடுத்தரமான அல்லது கடுமையான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது மூச்சிரைக்கும் விளையாட்டும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சியும் இருக்க வேண்டும். 11 முதல் 17 வயது வரையுள்ள உலக மாணவர்களில் 81 சதவீதத்தினர் 2016-இல் இந்த அளவை எட்டவில்லை.

வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தர இயக்கம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான இயக்கம். பருமனான பிள்ளை தன் எடையையும் சுமந்து ஓடுவதால், மற்றவர்களுக்குச் சாதாரணமான வேகமே அதற்குக் கடுமையாகிவிடும். ஓட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளையே அந்தக் கூட்டத்தில் அதிகம் உழைத்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

அறுபது நிமிடத்தையும் முதல் நாளே தொடக்கூடாது. பழக்கமே இல்லாத பிள்ளை காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் எனத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். முதலில் நாள்களைக் கூட்டுவது, பிறகு நேரத்தைக் கூட்டுவது, கடைசியில் வேகத்தைக் கூட்டுவது என்ற வரிசை மூட்டுவலியையும் மனச்சோர்வையும் தவிர்க்கும்.

ஊரிலேயே உள்ள பயிற்சிகள்

உத்தரகோசமங்கை போன்ற ஊரில் ஜிம் தேவையில்லை. கோயிலைச் சுற்றிய தெருக்களும் கண்மாய்க் கரையும் பள்ளி மைதானமும் போதும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பில் கிடைக்கும் விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்கால் வலி உள்ள பிள்ளைக்குச் சைக்கிள் ஏற்ற பயிற்சி. நீச்சலும் அப்படியே, ஆனால் குடிநீர் ஊருணியில் இறங்கக்கூடாது, கண்மாயிலோ கடலிலோ நீந்தத் தெரிந்த பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.

கிளித்தட்டு, கல்லா மண்ணா, பாண்டி, கயிறு தாண்டுதல், கோ-கோ ஆகியவற்றில் ஓட்டமும் நிற்றலும் மாறி மாறி வருகின்றன. தொடர்ந்து ஓட முடியாத பிள்ளைக்கு இந்த இடைவெளி ஓட்டம் எளிது. தென்மாவட்டங்களில் வேரூன்றிய சிலம்பத்தில் காலடி வரிசையும் தோள்வலுவும் ஒருங்கே கிடைக்கின்றன. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

தசைப்பயிற்சி செய்தால் பிள்ளை உயரமாகாது என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. தண்டால், பஸ்கி, படியேறுதல், பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் ஆகிய எல்லாமே உடல் எடையைக் கொண்டு செய்யும் தசைப்பயிற்சிகள். தரையில் தண்டால் வராதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். பருமனான பிள்ளைகளுக்கு இயல்பாகவே வலு அதிகம். கயிறு இழுத்தல், குண்டு எறிதல், கபடியில் பிடி போடுதல் ஆகியவற்றில் ஒல்லியான தோழர்களை அவர்கள் முந்திவிடுவார்கள். தோற்றே பழகிய பிள்ளை ஒன்றில் ஜெயித்துவிட்டால் மறுநாள் தானே மைதானத்துக்கு வரும்.

வெயிலும் முள்ளும்

இந்தக் கடலோர மாவட்டத்தில் பயிற்சி நேரத்தைத் தீர்மானிப்பது வெயில். பருமனான உடலில் எடையோடு ஒப்பிட்டால் வெப்பத்தை வெளியேற்றும் தோலின் பரப்பு குறைவு. அதே ஓட்டத்துக்கு உள்ளே உண்டாகும் சூடு அதிகம். அதனால் காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் விளையாடுவது நல்லது. கத்திரி வெயில் நாள்களில் நிழலிலும் வீட்டுக்குள்ளும் செய்யும் பயிற்சி போதும். விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நீர்மோரும் நல்லது. பதநீரில் சர்க்கரை கணிசமாக உண்டு. தண்ணீருக்குப் பதிலாக அதைத் தினமும் குடிப்பது பொருந்தாது. தலைசுற்றல், வாந்தி, குளிர்நடுக்கம் தெரிந்தால் உடனே நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து உடம்பை நனைக்க வேண்டும். பிள்ளை தடுமாறிப் பேசினாலோ மயங்கினாலோ மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்ல வேண்டும்.

சீமைக்கருவேல முள் இல்லாத மைதானம் இங்கே அரிது. எடை கூடிய பிள்ளையின் பாதத்தில் அழுத்தமும் அதிகம் என்பதால் கான்வாஸ் ஷூ ஆடம்பரமல்ல. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் கயிறு தாண்டுதல், நடனம், சூரிய நமஸ்காரம் என வீட்டுக்குள் தொடரலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம்

பெரும்பாலான பிள்ளைகள் சோதனை எதுவும் இல்லாமலே நடையையும் விளையாட்டையும் தொடங்கலாம். சில அறிகுறிகள் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்: ஓடும்போது நெஞ்சுவலி அல்லது மயக்கம், இளைப்பு, இரவில் உரத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருதல், அடிக்கடி தாகமும் சிறுநீரும். இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலி எடுத்துப் பிள்ளை நொண்டினால் காலத்தாழ்வு கூடாது. பருமனான வளரிளம் பருவத்தினருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவுவதுண்டு. அந்த வலி சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரிவதால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். சிகிச்சை தாமதமானால் இடுப்பு மூட்டே பாழாகலாம்.

தடுப்பது எது?

பருமனான பிள்ளை விளையாட்டை விடுவதற்குச் சோம்பலைவிடப் பெரிய காரணம் அவமானம். "குண்டா", "பூசணிக்காய்" என்ற கேலி, அணி பிரிக்கும்போது கடைசியாகக் கூப்பிடப்படுவது, டி-சர்ட் இறுக்கமாக இருப்பது ஆகியவை மைதானத்திலிருந்து பிள்ளையை விரட்டுகின்றன. தாமதமாக வந்தால் "கிரவுண்டைப் பத்து சுத்து சுத்து", வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் தோப்புக்கரணம் என்று பயிற்சியைத் தண்டனையாக்குவதும் அதே தீங்கைச் செய்கிறது. ஓட்டத்தை வெறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை பிறகு தானாக ஓடாது. அணிகளை ஆசிரியரே பிரிப்பதும், முந்துவதைவிடத் தன் பழைய நேரத்தைக் குறைப்பதைப் பாராட்டுவதும் செலவில்லாத மாற்றங்கள்.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே கதவு சாத்தப்படுகிறது. "வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தெருவுல என்ன விளையாட்டு" என்ற பேச்சோடு சைக்கிளும் கயிறும் நின்றுபோகின்றன. உலக அளவிலும் வளரிளம் பெண்களில் 85 சதவீதத்தினரும் பையன்களில் 78 சதவீதத்தினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து காலையில் நடப்பது, பள்ளி வளாகத்துக்குள் மாலையில் பெண்களுக்கென எறிபந்துக்கும் கோ-கோவுக்கும் நேரம் ஒதுக்குவது ஆகியவை இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் தனித்து ஓடவிடுவதும் பலிக்காது. மெலிந்த அண்ணனுக்குப் பரோட்டா, தங்கைக்கு நடை என்று பிரித்தால் தங்கைக்கு அது தண்டனைதான். மாற்றம் வீட்டுக்கே பொதுவாக இருக்க வேண்டும்: எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, இனிப்புப் பானம் வீட்டுக்குள் இல்லை, சாப்பிடும்போது டி.வி.யும் கைப்பேசியும் இல்லை, பள்ளி வயதுக்கு இரவில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். தூக்கம் குறைந்தால் பசி கூடும். மறுநாள் விளையாடும் தெம்பும் குறையும்.

பலனை எப்படி அளப்பது?

வளரும் பிள்ளைக்கு எடை இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பல நேரம் ஏறாமல் நின்றாலே போதும். 10 வயதில் 140 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பையனின் பி.எம்.ஐ. சுமார் 23. அது பருமனுக்கான 21.4-ஐத் தாண்டியது. ஓராண்டில் அவன் 5 செ.மீ. வளர்ந்து எடை அதே 45 கிலோவில் நின்றால் பி.எம்.ஐ. 21.4 ஆகும். 11 வயதுக்குப் பருமனின் எல்லை 22.5. ஒரு கிலோகூடக் குறையாமலே அவன் பருமனிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

எடையை வாரந்தோறும் பார்ப்பதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தோடு சேர்த்துப் பார்ப்பது சரியான விவரம் தரும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே வருகிறதா, 600 மீட்டரை நிற்காமல் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஓய்வில் நாடித்துடிப்பு குறைகிறதா, குறட்டை தணிகிறதா, கழுத்துக் கறுப்பு மங்குகிறதா என்பவையும் அளவுகோல்களே. 600 மீட்டர் ஓட்டமும் பி.எம்.ஐ.யும் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் ஏற்கெனவே உள்ளவை. பள்ளியிலேயே எடுத்துப் பதிந்து வைக்கலாம்.

பயிற்சியை நிறுத்திய சில நாள்களிலேயே தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறையத் தொடங்கும். சில மாதங்களில் பெற்ற உடல்திறன் பெருமளவு போய்விடும். தேர்வு மாதங்களிலும் கோடை விடுமுறையிலும்தான் இது அதிகம் நேர்கிறது. அதனால் ஆண்டுக்கான திட்டத்தில் அந்த இரண்டு காலங்களுக்கும் தனி ஏற்பாடு இருக்க வேண்டும்: தேர்வு நாள்களில் காலையில் 20 நிமிடச் சைக்கிளும் மாலையில் 10 நிமிடக் கயிறு தாண்டுதலும், கோடையில் விடியற்காலை விளையாட்டும் ஒருநாளும் விட்டுப்போகாமல் நடந்தால், பள்ளி திறக்கும்போது பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.